குலவணிகர்புரம் கேட்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. எட்டாவது வியாழன்.
கணுக்கால் உள்பக்கம் ஊசி, வயர்.
'பெருவிரல் துடிக்காக்கா?'ன்னு கேக்கா ஜெபக்கனி.
துடிக்கு,
தூண்டில்ல கெண்டை மாதிரி.

மூத்திரப்பைக்கு எதுக்கு காலைத் தட்டணும்?
ரெண்டுக்கும் ஒரே நரம்புத் தெருவாம்,
கீழ்வீட்டுல தட்டினா மேல்வீட்டுல கேக்குமாம்.

பாபநாசத்துல
தண்ணியை உருட்டி எடுத்த கரண்டு
என் தண்ணியை நிறுத்த வந்திருக்கு.

ரெண்டு வருசமா
பீடித்தட்டோட சுவரோரம் ஒதுங்கினவ நான்.
மைனி பேச்சுக்கு எல்லாரும் உருண்டு சிரிக்க,
பல்லைக் கடிச்சு இலை நறுக்கினேன்.
தும்மினா ஒளு போச்சு.

திரும்புற பஸ்ஸு.
கேட்டு அடைச்சாச்சு.
முட்டுது.
நாகர்கோயில் வண்டி, பெட்டியை எண்ணுதேன்:
பதினாறு, பதினேழு,
இன்னுமா,
கேட்டு ஏறிட்டு.
நான் அடைச்சது அடைச்சபடி.

மைனிகிட்ட
அந்தச் சம்பந்தி வீட்டுக் கதையை
மறுபடி கேக்கணும்.