அழித்தவையும் வந்தன

எளியதை முதலில் பார்ப்பது என் வழக்கம்.
அட்டையின் இடது விளிம்பில்
அரிசி அளவில் ஒரு தாழ்ப்பாள்.
கீழே இறங்கியிருந்தால் மேலே தள்ளுவேன்,
ஆயிரம் பெசோ என்பேன்,
சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.
அடுத்தது கேபிள்.
அதற்கும் அடுத்தது
தங்க நிறப் பற்களில் ஒட்டிய பிசுக்கு;
பென்சில் அழிப்பானால் இரண்டு இழுப்பு.

நிபால்தோவின் அட்டைக்கு
இதெல்லாம் போதவில்லை.

புந்தா அரேனாஸில் அன்று காற்று
என் கடைப் பலகையைக் கழற்றப் பார்த்தது.
இயந்திர அறையிலிருந்து நேராக வந்திருந்தார்.
நீரிணை தாண்டி போர்வெனிருக்குப் போகும் படகு.
இயந்திரத்தை அக்கக்காகப் பிரித்து
தார்ப்பாயில் பரப்பியிருக்கிறாராம்.
எது எங்கே இருந்தது என்பதற்கு
ஒவ்வொரு கழற்றலுக்கும் ஒரு படம்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
அலுவலகக் கணினியில் செருகியதும்
அது ஏதோ கேட்டதாம்.
யாரோ ஒரு நல்ல மனிதர்
'ஆம்' என்று அழுத்திவிட்டார்.

"வியாழக்கிழமை புறப்பட வேண்டும், யாஸ்னா."
அன்று செவ்வாய்.

அட்டையில் ஓர் எழுத்தும் எழுதாமல்
முழுப் பிரதி எடுத்தேன்.
வேலையெல்லாம் பிரதியின்மேல்தான்.
அந்த 'ஆம்' கிழித்தது
பெயர்ப் பட்டியலை மட்டும்.
ஆட்கள் அவரவர் இருக்கையில் இருந்தார்கள்,
கூப்பிடத்தான் பெயரில்லை.

இரவு பதினொன்றுக்கு வர ஆரம்பித்தன.
சில பாதி சாம்பல். சில முழுசு.
ஆனால் வரிசை?
"நேரம் பார்த்து அடுக்கலாமே" என்றார்.
பார்த்தேன்.
எல்லாமே ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று
ஒவ்வொரு படத்துக்கும் பின் அதைக் கழற்றி
அக்குளில் சூடேற்றியிருக்கிறார் மனுஷன்.
கழற்றிப் போட்ட ஒவ்வொரு முறையும்
கேமராவுக்கு மறுபடி புத்தாண்டு.

பிறகு அவருடைய கையைப் பார்த்தோம்.
எல்லாப் படத்திலும் ஓரத்தில்
எதையோ பிடித்தபடி இடது கட்டைவிரல்.
முதலில் வெறும் தோல்.
பிறகு நகக்கண்ணில் கறுப்பு.
பிறகு மணிக்கட்டு வரை.
எண்ணெய் ஏற ஏற அடுக்கினோம்.
நூற்று நாற்பதுக்கு அருகே
திடீரென்று சுத்தமான கை.
"சாப்பிடப் போனேன்" என்றார்.

விடியும்போது இருநூற்று ஒன்பது.
மூன்று போனது போனதுதான்.

ஆனால் பெட்டியில் இன்னும் இருந்தன.
முப்பத்தொரு படம்.
போல்ட் இல்லை, வால்வு இல்லை, அவர் முகம்.
பின்னால் சமையலறை ஓடும் கெட்டிலும்.
சவரம் செய்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டு,
வாயை மூடிச் சிரித்து,
திறந்து சிரித்து,
இல்லாத பல்லைக் கையால் மறைத்து,
கடைசியில் கேமராமீதே கோபித்து.

"அதெல்லாம் நான் அழித்தது" என்றார்,
காற்றுக்குச் சொல்வதுபோல ஜன்னலைப் பார்த்து.
அட்டைக்கு அது தெரியாது.
தொலைந்ததும் தொலைத்ததும் அதற்கு ஒன்றுதான்.
யாருக்காக எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்டது அவர்:
"ஒன்றாவது தேறுமா?"
"பத்தொன்பதாவது" என்றேன்.
அதில் அவர் தயாராக இருக்கவில்லை,
கெட்டில் கொதித்ததும் திரும்பியிருக்கிறார்.

"வேண்டாம். அழித்துவிடு."
அவர் பார்க்க அழித்தேன்.

படகு வியாழன் மாலை போனது,
நான்கு மணி நேரம் தாமதமாக.
போர்வெனிரிலிருந்து போன் செய்தார்:
ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது,
இயந்திரம் ஓடுகிறது,
எங்கே போடுவது என்று தெரியவில்லை.
அந்த மூன்று படங்களில் இருந்திருக்கும் என்றேன்.
இருக்கும், என்றார்.
வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
மறுமுனையில் காற்று மட்டும்.

"அந்தப் பத்தொன்பது..."
"அழித்தாயிற்று, நீங்கள்தானே சொன்னீர்கள்."
"சொன்னேன். ஆனால்
அழித்தது வருமில்லையா?"

வரும், என்றேன்.
மேலே வேறெதுவும் எழுதாமல் இருந்தால்.