மூன்றாம் நாள் தட்டு

முத்தையன்கட்டிலிருந்து வந்தவ. வயது நாற்பத்தெட்டு.
சீட்டில் பெயர்: தவநிதி கனகேந்திரன்.
சீனி முந்நூற்றுப் பத்து. காய்ச்சல் பதினொரு நாள்.
வலது காலைக் கழுவியும்
நகவிடுக்கில் சேறு போகவில்லையாம்.

இரவு இரண்டு மணி. கிளிநொச்சி ஆய்வுகூடம்.
வெளியே கார்த்திகை மழை, ஜெனரேற்றர் இரைச்சல்.
அவவின் ஒரு துளிச் சீழைக் கண்ணாடியில் பூசிக்
குனிகிறேன்.

ஒன்றன்மேல் ஒன்றாய் வெள்ளணுக்கள்.
என்பு மச்சையில் பிறந்து
இரத்தத்தில் ஒரு நாள்கூட நிற்காதவை.
மணம் பிடித்து,
நாளச் சுவரின் இடுக்கில்
உடலை நூலாய் இளக்கி இறங்கியிருக்கின்றன.
விழுங்க முடிந்ததை விழுங்கின.
முடியாதபோது
தம் கருவையே உருவி வலையாய் எறிந்துவிட்டு
அங்கேயே கிடந்தன.
சீழ் என்று நாம் முகம் சுழிப்பது
இவை திரும்பிப் போகாததை.

படித்த புத்தகம் இதைப் போர் என்றது,
இவற்றைப் படை என்றது.
அந்தச் சொல்லை இந்த ஊரில்
நான் லேசாக எடுப்பதில்லை.
எனக்கு இது குளக்கட்டு உடைந்த இரவு.
கூப்பிடாமலே மண்மூட்டையோடு ஓடுகிற சனம்,
இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்து,
காப்பாற்றுகிற அவசரத்தில்
பயிரையும் சேர்த்து உழக்கிவிடுகிற சனம்.

அதுதான் பயம்.
நாளங்கள் கசிகின்றன.
இரத்த அமுக்கம் எண்பதுக்குக் கீழே.
கிருமியைக் கண்டு உடம்பு எழுப்பிய கூக்குரலே
அவவைச் சாய்த்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலை தட்டைத் திறந்தேன்.
வெயிலில் காய்ந்த பாலைப்பழத் தோல்போல்
சுருங்கிச் சுருங்கி
ஊதாப் புள்ளிகள்.
மண்ணில் வாழ்கிற கிருமி.
தன்னை விழுங்கியதன் வயிற்றிலேயே குடியிருக்கத் தெரிந்தது.
சிலரில் பல வருசம்
மூச்சுக் காட்டாமல் கிடக்கும்.
காவல் தளர்ந்தால் எழும்பும்.

"எப்ப உள்ள போயிருக்கும்?" என்றார் டொக்டர்.
ஐப்பசியில் விதைக்கச் சேற்றில் இறங்கியபோதா?
இல்லை,
கிழிந்த முழங்காலோடு
பங்கருக்குள் மூன்று நாள்
ஈரமண்ணில் முகம் பதித்துக் கிடந்தாவாமே,
அந்த வருசத்திலா?

தட்டு அதைச் சொல்லாது.
"ஊசியை மாத்துங்கோ, இப்பவே" என்றேன்.

பிறகு கை கழுவினேன்.
முழங்கையின் பழைய தழும்பையும் சேர்த்து,
வழக்கத்தைவிடக் கனநேரம்.