புள்ளி இரண்டு

பேட்டி எடுக்க வருகிறவர்கள்
உலையைத்தான் படம் பிடிக்கிறார்கள்.
எங்கள் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை.
காதடைப்பான் இல்லாமல்
ஐந்து நிமிடம் இங்கே நிற்க முடியாது.

பால்டிக் கடலோரம். பிப்ரவரி. இரவுப்பணி.
வெளியே உறைநிலைக்கு ஒன்பது கீழே.
உள்ளே, இரட்டைச் சுவர்க் குழாய்களில்,
இருநூற்று அறுபத்தொன்பது கீழே.
இனி இறங்க
உலகத்தில் நாலே படிதான் பாக்கி.
அந்த நாலாம் படியில்
குடியிருக்கிறது திரவ ஹீலியம்.
அதில் நனைந்த காந்தச் சுருள்களுக்கு
மின்தடை என்பதே மறந்துபோகும்.

அடுத்த கட்டடத்தில் ஹென்னிங். தண்ணீர் அவன் பொறுப்பு.
மூன்றாவது பம்பில் தாங்கி தேய்கிறது,
சத்தத்திலேயே தெரிகிறது என்கிறான்,
மூன்று வாரமாக.

மேல்தளத்தில் ஸ்வான்ட்யே. அவளுக்கு வெற்றிடம்.
பதினோரு நாள் ஒரு கசிவைத் தேடினாள்.
ஒவ்வொரு பற்றவைப்பின் மேலும்
ஒரு மூச்சளவு ஹீலியம் தெளித்து,
உள்ளிருக்கும் கருவி மோப்பம் பிடிக்கிறதா என்று
காத்திருந்து,
அடுத்ததற்கு நகர்ந்து.
அவ்வளவு பெரிய கலத்தில்
மயிரிழைக்கும் மெல்லிய ஓர் ஓட்டை!
"ஒன்றுமில்லாததைத் தயாரிக்க
எனக்குச் சம்பளம்" என்பாள்.
"சம்பளமும் கிட்டத்தட்ட
அதேதான்."

மின்சாரக் கூடத்தில்
மாலையிலிருந்து சுற்றுகின்றன கனத்த சக்கரங்கள்.
நாங்கள் ஒரே மடக்கில் குடிக்கும்போது
ஊர் விளக்குகள் கண்சிமிட்டக் கூடாது.

இரண்டு நாற்பது.
ஒலிபெருக்கி தலைகீழாக எண்ணுகிறது.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது, சரி.
பத்துக்கோடி பாகை என்று
அந்தக் குரல் கொட்டாவிக்கு நடுவே சொல்கிறது.

நான் பார்ப்பது ஒரு முள்ளை.
திரும்பி வரும் வாயுவின் வெப்பநிலை.
நாலு புள்ளி ஐந்து.
நாலு புள்ளி ஐந்து.
பிறகு, யாரோ தூக்கத்தில் புரண்டதுபோல,
நாலு புள்ளி ஏழு.

கட்டுப்பாட்டு அறையில் கைதட்டியிருப்பார்கள்.
கம்ப்ரஸர் இரைச்சலைத் தாண்டி
எதுவும் இங்கே வராது.
வால்வை அரைச் சுற்றுத் திறந்தேன்.
இறங்க மனமில்லாமல் நின்றது முள்.
இன்னும் கால் சுற்று.

தொலைபேசி மினுங்கியது.
"வீப்கே, இங்கே தண்ணீர் சுட்டிருக்கிறது.
உனக்கு?"
"புள்ளி இரண்டு."
"அப்போ வந்துவிட்டுத்தான் போயிருக்கிறது."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அவன் பக்கத்தில்
மூன்றாவது பம்பு கரகரத்தது.
நாளைக்கு அதைப் பிரித்தே ஆகவேண்டும் என்றான்.