காரணம் என்ற கட்டம்

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்.
மணலில் மூன்று.
எதிர்க்காற்றடித்தால்
கேட்காதீர்கள்.

ஒப்புவோவின் ஒரே பங்கில்
என் வண்டி திரும்பும் சத்தம் கேட்டதுமே
மத்தேயுஸ் தொப்பியைச் சரிசெய்துகொள்வான்,
முதலாளி வீட்டுக் கல்யாணம் போல.
இரண்டு தொட்டிக்கும் குழாயை மாட்டிவிட்டு
கண்ணாடி நான்கையும் துடைத்து முடிப்பான்.
இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எண்.

செய்யாததில்லை.
கூரைக் கம்பிகளைக் கழற்றினேன்.
ஏசியை மறந்தேன்.
எழுபதைத் தாண்டாமல் ஓட்டுகிறேன்,
கழுதை வண்டிக்காரர்கள் கைகாட்டி
நலம் விசாரிக்கும் வேகம்.
இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு
மூச்சையும் பிடித்துக்கொள்கிறேன்,
என் மூச்சு இரண்டு சொட்டு மிச்சம் பிடிக்குமென்று.
பாட்டு வைப்பதில்லை.
முள் இறங்குவது காதில் விழ வேண்டும்.

என் வேலை இது:
இருநூறு லிட்டர் டீசல் பீப்பாயைப் பின்னால் ஏற்றி
இருநூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி
இருபத்தேழாம் எண் ஆழ்துளைக் கிணற்றின்
மோட்டாருக்குக் கொண்டுபோய் ஊற்றுவது.
அது மணிக்கு இரண்டு லிட்டர் குடித்து
முந்நூறு மாடுகளுக்குத் தண்ணீர் தரும்.
இருநூறைச் சேர்ப்பிக்க வழியில்
நூற்றுப் பதினைந்தைக் குடிக்கிறது வண்டி.
சுண்டைக்காய் எவ்வளவு, சுமைகூலி எவ்வளவு,
அலுவலகத்தில் ஹில்யா
மாதக் கடைசியில் சிவப்புப் பென்சிலால் கேட்பாள்.

மார்ச்சில், ஓராண்டுக்குப் பிறகு
ஹோருசிப்பில் தண்ணீர் வந்தது.
எல்லோரும் கரைக்கு ஓடிச் சிரித்தார்கள்.
நான் மட்டும் சுற்றுவழியைக் கணக்குப் போட்டேன்:
தொண்ணூறு கிலோமீட்டர், முழுக்க மணல்,
முப்பது லிட்டர்.

போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் நாற்பது சொச்சம்.
திரும்ப இருபது குறைகிறது.
பீப்பாய் நிறைய இருக்கிறது.
குழாயைத் தேடி எடுத்து
ஒரு முனையை வாயில் வைத்தேன்.

கவெசெபா பார்த்துக்கொண்டு நின்றார்.
"எடுத்துக்கொள்" என்றார்.
"வந்த விருந்தாளி குடிக்காமல் போகக் கூடாது."
கேலியில்லை. வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்தபடி
நிஜமாகத்தான் சொன்னார்.

இருபது லிட்டர்.
பத்து மணி நேர மோட்டார்.
இரண்டரை நாள் தண்ணீர்.

டீசல் நாக்குவரை வந்துவிட்டது.
துப்பினேன்.
குழாயைச் சுருட்டி வைத்தேன்.
அதற்குப் பிறகு அன்று தின்றதெல்லாம்
டீசலாகவே இருந்தது, அவர் தந்த புளித்த பால் உட்பட.

இரண்டு இரவு வண்டிக்கடியில் படுத்திருந்தேன்.
எதையும் குடிக்காத வண்டியை
அப்போதுதான் முதன்முறை பார்க்கிறேன்.
அதன் நிழல் பெரியது.
கன்றுகள் ஐந்து, ஒரு நாய், நான்
எல்லோருக்கும் இடமிருந்தது.
பக்கத்தில் மோட்டார் தடதடத்தது.
மாடுகள் வரிசையில் வந்து, குடித்து,
வயிறு புடைக்கத் திரும்பிப் போயின.
ஒன்றும் கணக்கு எழுதவில்லை.

மூன்றாம் நாள் சாலை சமன்படுத்தும் இயந்திரம் வந்தது.
அதன் ஓட்டுநர் ஒரு கேனை நீட்டிவிட்டு
தன்னுடையது மணிக்கு இருபது குடிக்கும் என்றார்,
பிள்ளையின் உயரத்தைச் சொல்கிற குரலில்.
நான் என்னுடையதைச் சொன்னேன்.
வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஹில்யாவின் ஏட்டில் கட்டங்கள் மூன்று.
கிலோமீட்டர்: ஐந்நூற்று ஐம்பது.
லிட்டர்: நூற்று நாற்பத்தைந்து.
காரணம் என்ற கட்டத்தில்
முதலில் ஆறு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, மாடுகள்.
அதையும் அடித்தேன்.

அவள் பார்த்துவிட்டு
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
"அடுத்த முறை ஒரு கேன் கூடுதலாக எடுத்துப் போ."

போகிறேன்.
இருபது கிலோ கூடுதல் எடை.
அதற்கும் கொஞ்சம் குடிக்கும்.