முன்னூற்றுப் பன்னிரண்டு வரி

கோத்தகிரியில் ஒரு பேக்கரி மாடி.
வர்க்கி வேகும் வாசனைக்கு நடுவே
குரல்களுக்குச் சீட்டு ஒட்டுவது என் வேலை.

மொழி, சின்ன எழுத்தில்.
லிபிக்கு முதலெழுத்து மட்டும் பெரிது.
நாடு முழுக்கப் பெரிய எழுத்தில்.
இடையிடையே சிறுகோடு.

அப்படித்தான் பெள்ளியம்மாள் பேசுகிற படுகு
மூன்று குட்டி ஆங்கில எழுத்தாகக் குந்தியிருக்கிறது.
அதை எழுதிக்கொள்ள எழுத்து இரவல் தந்ததால்
தமிழ் லேசாகத் தலை தூக்குகிறது.
கடைசியில் இந்தியா. இரண்டே எழுத்து,
சல்யூட்டுக்கு நிற்பதுபோல் விறைப்பாக.

சேர்ந்த முதல் வாரம் ஜெபசீலியிடம் கேட்டேன்:
நாட்டுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?
அவள் சிரிக்கவில்லை. சரிபார்ப்பவர்கள் சிரிப்பதில்லை.
கொம்பு நம்ம எழுத்துக்குத்தான் என்றாள்.

வாஸ்தவம்.
கொம்பு உண்டு, கால் உண்டு, சுழி உண்டு,
மெய்க்குத் தலையில் புள்ளிகூட உண்டு.
பெரிசு சின்னது மட்டும் கிடையாது.
கலெக்டருக்கும் கத்தரிக்காய்க்கும் ஒரே க.

ஐப்பசியில் மூன்று நாள் மூடுபனி.
கீபோர்டுக்குள் ஈரம் இறங்கி
பெரிய எழுத்துப் பொத்தான்
அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது.
நான் பார்க்கவே இல்லை.
முன்னூற்றுப் பன்னிரண்டு வரி.
தோடா, கோத்தா, இருளா, படுகு,
எல்லாம் நாட்டோடு தோளுக்குத் தோள் எழுந்து நின்றிருந்தன,
இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பறை மாதிரி.

கம்ப்யூட்டர் முகம் சுளிக்கவில்லை.
அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டது.
பெரிசும் சின்னதும் ஒன்றுதான் என்று
விதியிலேயே எழுதியிருக்கிறதாம்.
திருப்பி அனுப்பியது ஜெபசீலி.
'தப்பு இல்லை. ஆனா வழக்கம் இல்லை.'

வழக்கம்.
மலையிலும் கேட்டிருக்கிறேன், கீழே மேட்டுப்பாளையத்திலும்.
யாருக்கு எந்த டம்ளர் என்பதற்கும்
இதே சொல்தான் சொன்னார்கள்.

உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உட்காரவைத்தேன்.
முடிக்கும்போது அரவேனு பஸ் போய்விட்டிருந்தது.

கிளம்புமுன் சும்மா
சின்ன எழுத்தில் தட்டினேன். பெள்ளியம்மாள் வந்தாள்.
பெரிய எழுத்தில் தட்டினேன்.
அதே பெள்ளியம்மாள், அதே இருமல்,
பின்னால் அதே ஃபேக்டரி வாசல் லாரி:

இன்னிக்கு முப்பத்திரண்டு கிலோ பறிச்சேன்.
இலை ஈரம்னு ரெண்டு கழிச்சுக்கிட்டாங்க.