கொடி தாண்டி மூன்று கை

அலசூர் ஏரிக்குப் பக்கத்தில்
கூரையில்லாத ஐம்பது மீட்டர் குளம்.
வார நாட்களில் மின்வாரியத்தில் ரசீது திருத்துகிறவள்
போட்டி நாட்களில் வெள்ளைச் சட்டை போட்டு
நான்காம் தடத்துச் சுவரருகே நிற்பேன்.
திருப்பத்துக்கு நடுவர்.

மற்ற நீச்சல்களில் என்னிடம் வருவது உச்சந்தலை.
மல்லாந்து நீந்துகிறவர்கள் மட்டும்
முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
போகிற இடம் பாராமல் வருவார்கள்.
அப்படித்தான் அவளைப் பார்த்தேன்,
தலைகீழாக, நெற்றி முதலில்.

பாய் ருவோலான். சீனா. பதினைந்து வயது.
ஒலிபெருக்கி "பாய்" என்றதும்
தண்ணீர் கேன் தூக்கி வந்த தேவநேசன்
"குதிக்கச் சொல்றாங்களா?" என்றான்.
அவள் ஏற்கெனவே நீருக்குள் இருந்தாள்,
கம்பியைப் பிடித்துச் சுருண்டு.
ஒலி கேட்டதும் விரிந்தாள்.
தாவச் சொல்வது, படுக்க விரிப்பது,
காற்றைப் பிடித்துக் கப்பலை இழுப்பது:
எனக்குத் தெரிந்த பாய்கள் எல்லாம்
அன்று அந்த ஒருத்திக்கே பொருந்தின.

ஊரில் கூரைக்குக் கீழே பயின்றவளாம்.
உத்தரங்களைப் பார்த்து நேர்கோடு பிடிப்பாளாம்.
இங்கே மேலே மேகம்.
மேகம் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.
தடக்கயிற்றில் முழங்கை சிராய்த்தும்
முதலாவதாகத் தொட்டாள்.
காயத்தை ஊதிக்கொண்டே மேடையேறினாள்.

நான்கு வருடம் கழித்து
தோளில் நீலப் பட்டையோடு வந்தாள்.
நூறு மீட்டர். ஒரே ஒரு திருப்பம்.
மத்தியானக் காற்றில் சாய்ந்த கொடிக்கம்பத்தை
யாரோ நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள்.
கொடி தாண்டினால் மூன்று கை, பிறகு புரளல்.
இது மூளை போடுகிற கணக்கில்லை,
தோள் போடுவது.
மற்ற ஏழு பேரும்
ஓரக்கண்ணால் சுவரைத் திருடிப் பார்த்து
இன்னொரு அரைக் கை சேர்த்துக்கொண்டார்கள்.
கொடியை நம்பியவள் அவள் மட்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று.
புரண்டாள். சுவர் இல்லை.
கவிழ்ந்தபடி, சும்மா,
ஒரு மூச்சளவு சறுக்கினாள்.
என் கை உயர்ந்தது.
திருப்பம் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்கிறது விதி.
கொடியைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமில்லை.
சீட்டில் எழுதினேன்: தடம் நான்கு, தகுதி நீக்கம்.
அவள் முதலாவதாகத் தொட்டு
பலகையில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தேநீர் குடித்தேன். ஒரு பன்னும் தின்றேன்.
பிறகுதான் ஏதோ உறுத்தி
நாடா எடுத்துப் போய் அளந்தேன்.
ஐந்து மீட்டர் இருக்கவேண்டிய கொடி
ஐந்து நாற்பதில் ஆடிக்கொண்டிருந்தது.
முறையீட்டுக்கு அரைமணி நேரம்.
அது முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.
"எட்டுப் பேருக்கும் ஒரே கயிறுதானே மேடம்?"
என்றார் தலைமை நடுவர்.
சரிதான்.
இன்றுவரை அதற்கு என்னிடம் பதிலில்லை.

அதற்கப்புறம் அவளை முடிவுப் பட்டியல்களில் படித்தேன்.
அரையிறுதி. எட்டாம் தடம்.
தோள் அறுவை. ஒரு வருடம் பெயரே இல்லை.
திரும்பி வந்து தகுதிச் சுற்றில் இருபத்திமூன்றாவது.
பிறகு பட்டியல் அவளில்லாமலே நீண்டது.
என் கைதான் அதை முடித்தது என்று சொன்னால்
அது குற்றவுணர்வு இல்லை, பெருமை.
அப்படிச் சொல்லமாட்டேன்.
பன்னைப் பற்றி மட்டும் சொல்வேன்.

போன நவம்பரில் வந்தாள்.
ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் நிறுத்துகடிகாரம்,
பின்னால் பதினொரு பிள்ளைகள்.
யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை.
பையிலிருந்து அளவுநாடா எடுத்து
மறுமுனை பிடிக்க ஆள் தேடினாள்.
பக்கத்தில் நான்தான் இருந்தேன்.
குந்தி உட்கார்ந்து
பூஜ்யத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன்.
அவள் கொடிக்கடியில் நின்று
தன் மொழியில் ஒரு எண் சொன்னாள்.
நீட்டிய முழங்கையில்
தடக்கயிறு விட்ட வெள்ளைத் தழும்பு.

என்னை அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்,
அவளுக்கும் நான் தலைகீழாகத்தானே இருந்திருப்பேன்.
சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள்
நாடா சுருண்டு அவளிடம் போயிற்று.
நான்காம் தடத்தில் ஒரு சிறுமி
கம்பியைப் பிடித்துக்கொண்டு
முழங்காலை நெஞ்சோடு இழுத்தாள்.