தொழுவம் மட்டும் கான்சாஸில்

எங்கள் சமையலறை நெப்ராஸ்காவில்.
தொழுவம் கான்சாஸில்.
நடுவே நாற்பது தப்படி சேறு,
சர்வேக்காரன் நட்டுவிட்டுப் போன ஒரு கல்,
அதன்மேல் எப்போதும் ஒரு பூனை.

இரண்டு மாநிலத்துக்கும் வரி கட்டுகிறோம்.
பதிலுக்கு இதுவரை
எதுவும் கேட்டதில்லை நான்.

மார்ச் மாதம். கடாரிகள் ஈனும் காலம்.
வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து
நாற்பத்துநாலாம் எண்ணின் வாலையே
இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு
துணை ஒரு போன்,
போனுக்குள் கல்லூரிப் பையன்களின் கூடைப்பந்து.

அந்தச் செயலியை முதலில் சமையலறையில்தான் திறந்தேன்.
நீங்கள் இருக்குமிடத்தில் அனுமதி இல்லை என்றது.
கோட்டை மாட்டிக்கொண்டு கல்லைத் தாண்டினேன்.
வருக, டார்லா வோபாட் என்றது.

பிறந்த தேதி. முகவரி.
சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு.
ஓட்டுநர் உரிமத்தின் முன்பக்கம், பின்பக்கம்,
பிறகு என் முகம்.
தலையைத் திருப்பச் சொன்னது, திருப்பினேன்.
சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்,
இது அவ்வளவு தூரம் போகவில்லை.

அடுத்த பக்கம் கேட்டது:
வாரத்துக்கு எவ்வளவு வரை?
யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.
விதைக்கடன் கொடுத்த வங்கி கேட்டதில்லை,
டிராக்டர் விற்றவன் கேட்டதில்லை.
டுவேன் குபிசெக்கின் அறுவடை இயந்திரம் போன கதை
இந்த வட்டாரத்துக்கே தெரியும்.
அது சூதாட்ட விடுதி, இது வேறு
என்று எனக்கே சொல்லிக்கொண்டு
பத்து டாலர் என்று அடித்தேன்.
இவ்வளவுதானா என்பதுபோல்
கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது வட்டம்.

இருநூறு டாலருக்கு இலவசப் பந்தயம் என்று
ஒரு பச்சைப் பட்டை மின்னியது.
தடுப்பூசிப் புட்டியின் பொடி எழுத்தில் பழகிய கண்.
படித்தேன். மூடினேன்.

கழித்தல் குறி போட்டவன் ஜெயிப்பான் என்று ஊர் நம்புகிறது:
நானூற்றிருபது கட்டினால் நூறு.
கூட்டல் குறி போட்டவனை யாரும் நம்பவில்லை:
நூறு கட்டினால் முந்நூற்று நாற்பது.
உடனே புரிந்துவிட்டது.
சினைக் கடாரியை ஏலத்தில் எடுப்பதும் இதே கணக்குதான்,
அங்கே குறி மட்டும் போட மாட்டார்கள்.

நம்பப்படாதவர்கள் மேல் ஐந்து டாலர் வைத்தேன்.
காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்:
அவர்களில் ஒரு நெட்டைப் பையன்,
சட்டை எண் நாற்பத்துநாலு.

கடைசி நான்கு நிமிடம். மூன்று புள்ளி பின்னால்.
இப்போதே ஒரு டாலர் அறுபதுக்கு முடித்துக்கொள்கிறீர்களா
என்று அது கேட்ட அதே நேரம்
நாற்பத்துநாலு படுத்துவிட்டது.
வெளியே தெரிந்த குளம்பின் அடி
மேல்நோக்கி இருந்தது.
பின்கால்.

போனைத் தீவனத் தொட்டியில் எறிந்தேன்.
சங்கிலி. கணுவுக்கு மேல் ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று.
அது முக்கும்போது இழு, விடும்போது விடு.
இடுப்பு வந்தபின் மட்டும் நிற்காதே,
கொடி நசுங்கும், தலை இன்னும் தண்ணீருக்குள்.
இதில் பாதியில் முடித்துக்கொள்ள
யாரும் விலை சொல்வதில்லை.

விழுந்தது. மூச்சில்லை.
மூக்குக்குள் ஒரு வைக்கோலைச் செருகினேன்.
தும்மியது.

சீம்பால் குடித்து அது நின்றபோது மணி ஒன்று.
தொட்டியில், மக்காச்சோளத் தூளுக்கு அடியிலிருந்து வெளிச்சம்:
வென்றுவிட்டீர்கள். இருபத்திரண்டு டாலர்.

எப்படி ஜெயித்தார்கள் என்று தெரியாது.
நான் பார்க்கவேயில்லை.
அதுதான் உறுத்துகிறது.
இந்தக் கன்று பணமாக ஏழு மாதம்;
கையை நனைக்காமல் வந்த அந்த இருபத்திரண்டு
அதைவிடச் சூடாக இருந்தது.

கீழே அடுத்த அழைப்பு:
எங்கோ விடிந்துவிட்ட ஊரில் டென்னிஸ், இருபது நிமிடத்தில்.
என் கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றிருந்தது.
நான் அனுப்பவில்லை அதை.

ரத்தக் கையோடு கல்லைத் தாண்டினேன்.
பூனை நகரவில்லை.
சமையலறை வாசலில் போன் சொன்னது
நீங்கள் இருக்குமிடத்தில் அனுமதி இல்லை.
காப்பி போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே கான்சாஸ்,
மஞ்சள் விளக்கு எரிந்தபடி.

இன்னும் பதினோரு கடாரிகள் பாக்கி.